ஏழு கிலோவுக்குள் ஒரு சுழியோடியின் பை

விமானத்துக்குள் கொண்டுபோகும் என் கைப்பையை மீன் நிறுக்கும் தராசின் கொக்கியில் தொங்கவிட்டேன். முள் 9 கிலோவைத் தாண்டிப் போய் நின்றது. தராசு மாமாவுடையது. திருகோணமலை உப்புவெளிக் கரையில் விடியற்காலைகளில் சூரையும் பாரையும் நிறுத்தே கொக்கி தேய்ந்துபோயிருந்தது. "அவங்கள் எவ்வளவு விடுவாங்கள் தம்பி?" என்று மாமா கேட்டார். 7 கிலோ என்றேன். "அப்ப மிச்சத்தை இஞ்சயே இறக்கிப்போட்டுப் போ. அங்க போய் நிண்டா எதை இறக்கிறதெண்டு தெரியாது" என்றார். நாற்பது வருடம் படகில் பாரம் ஏற்றியவர் அவர். அன்று இரவு பாயில் எல்லாச் சாமானையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இரவில் தொடங்கி இன்றுவரை கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பக்கத்து நிலாவெளியில் காற்றுச் சிலிண்டரோடு சுழியோட வருபவர்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போவது என் தொழில். எங்கள் பக்கக் கடல் மே தொடக்கம் செப்டெம்பர் வரை கண்ணாடி மாதிரி இருக்கும். புறாமலைத் தீவைச் சுற்றிக் கருநுனிச் சுறாக்களைப் பார்க்கவும், சுவாமி மலையடியில் பழைய கோயிலின் தூண்கள் கிடக்கும் இடத்தைப் பார்க்கவும் அப்போதுதான் ஆட்கள் வருவார்கள். வாடைக்காற்று தொடங்கினால் தண்ணீர் கலங்கிவிடும், படகு இறக்க முடியாது. அந்த மாதங்களில் என்னைப் போன்றவர்கள் தெற்கே ஹிக்கடுவைக்கோ கடல் கடந்து மாலைதீவுக்கோ வேலைக்குப் போவோம். அதனால் பை கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிற ஆளும் நான்தான், பை கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்குகிறவர்களைப் பார்க்கிற ஆளும் நான்தான்.

முதல் வருடம் மாலைதீவு போனபோது எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு, விமானத்தின் கீழே இருக்கும் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டேன். கைப்பையில் ஒரு சோடி உடுப்பும் கடவுச்சீட்டும் மட்டும். மாலேயில் இறங்கி, கடைசிப் பெட்டி சுற்றி வரும் வரைக்கும் நின்றேன். என் பெட்டி வரவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தது. அந்த மூன்று நாளும் வேலை செய்யும் இடத்தில் இரவல் சாமான். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் ஒரு அளவு பெரிது, சொக்ஸ் போட்டுச் சமாளித்தேன். தண்ணீருக்குள் மிதப்பைக் கூட்டிக்குறைக்கப் போடும் காற்றடைக்கும் அங்கியான பி.சி.டி. வேறு ஒருவருடையது, அதிலும் குறையில்லை. மாஸ்க்கில்தான் சிக்கல். எனக்கு இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, மைனஸ் மூன்றரை. என்னுடைய மாஸ்க்கில் அதற்கேற்ற கண்ணாடி பொருத்தியிருக்கும். இரவல் மாஸ்க்கோடு இறங்கினால் கொஞ்சம் தள்ளி நிற்பவர் காட்டும் கைச்சைகை மங்கலாகத்தான் தெரியும். காற்றுக் குறைந்துவிட்டது என்று ஒருவர் சைகை காட்டி, அது எனக்குத் தெரியாமல் போனால்? நானாகவே போய் முதலாளியிடம் சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றேன். மூன்று நாள் சம்பளம் போனது. அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

அந்த அனுபவத்தில் ஒரு காரியம் சரியாகச் செய்திருந்தேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்கேயே பெட்டி வரவில்லை என்ற படிவத்தை நிரப்பி, அதன் இலக்கத்தை வாங்கிவிட்டேன். வெளியே வந்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லலாம் என்று நினைக்கவே கூடாது. மொன்றியல் உடன்படிக்கை என்று விமானப் பயணங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன்படி பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் அது கைக்குக் கிடைத்ததில் இருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று படம் எடுத்து வைக்கத்தான் தவறிவிட்டேன். இப்போது பாயில் பரப்பி வைத்ததும் முதல் வேலை, தொலைபேசியில் இரண்டு படம்.

அடுத்த வருடம் பயத்தில் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். விலை கூடியது, விலை குறைந்தது எல்லாவற்றையும் கைப்பைக்குள் அடைத்தேன். அதுதான் மாமாவின் தராசில் 9.4 கிலோ காட்டியது.

பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தபோது விலையை வைத்து முடிவெடுப்பது பிழை என்று விளங்கியது. என்னிடம் இருப்பதிலேயே விலை கூடியது பி.சி.டி. ஆனால் அது வராமல் போனாலும் போன இடத்தில் வாடகைக்கு ஒன்று எடுத்து, கடலில் இறங்குமுன் ஊதிப் பார்த்தால் போதும். சிலிண்டரில் இருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவரும் ரெகுலேட்டர் அப்படியில்லை. அதை யார் கழற்றிப் பூட்டினார்கள், கடைசியாக எப்போது சேர்விஸ் செய்தார்கள் என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. என்னுடையதன் வரலாறு எனக்குத் தெரியும். மாஸ்க் என் முகத்துக்கும் என் கண்ணுக்கும் மட்டுமே பொருந்துவது. டைவ் கொம்பியூட்டர் என் உடம்பில் நைதரசன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பது. வேறொருவரின் கொம்பியூட்டரை நடுவில் மாட்டினால் முதல்நாள் நான் இறங்கியது அதற்குத் தெரியாது. ஆகவே என் கைப்பையில் முதலிடம் இந்த மூன்றுக்கும். மூச்சோடு சம்பந்தப்பட்டதும், என் உடம்புக்கு மட்டுமே பொருந்துவதும் என்னோடு வரும். மற்றதெல்லாம் கீழே போகலாம், வாடகைக்கு எடுக்கலாம், வராவிட்டாலும் பரவாயில்லை.

நிறை விபரம் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் கூடிக்குறையலாம். ஒக்டோபஸ் என்ற மேலதிக வாய்ப்பகுதி, அமுக்கமானி, குழாய்கள் எல்லாம் சேர்ந்த ரெகுலேட்டர் 2.7 கிலோ. இரண்டு மாஸ்க், கண்ணாடி போட்டது ஒன்று மேலதிகமாக ஒன்று, பெட்டியோடு 700 கிராம். கொம்பியூட்டர் 200. டோர்ச், பற்றரி, சார்ஜர் 900. சின்னக் கமராவும் அதன் நீர்புகாப் பெட்டியும் 600. இறங்கிய விபரம் எழுதும் லொக் புத்தகம், சான்றிதழ், மருத்துவப் படிவம் 300. ஒரு நாள் உடுப்பு 600. ஆகமொத்தம் 6 கிலோ. பழைய பை சக்கரம் வைத்தது, வெறும் பையே 2.4 கிலோ. அனுமதிக்கும் நிறையில் மூன்றில் ஒரு பங்கு பைக்கே போய்விட்டது! அதை விட்டுவிட்டு 800 கிராம் துணிப் பை ஒன்றுக்கு மாறினேன். கருவிகள், ஷாம்பு, தேவையில்லாத சாமான் ஒரு கிலோவை இறக்கினேன். மாமாவின் தராசு 6.8 காட்டியது. தராசு சரியா என்று சந்தேகம் வந்து, கடையில் வாங்கிய 5 கிலோ அரிசிப் பையையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

ஸ்ரீலங்கன் உட்பட இந்தப் பக்கம் பறக்கும் பல நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோதான் தருகின்றன. ஐரோப்பிய நிறுவனங்கள் சில அதைவிடக் கூடுதலாகத் தரும். ஆனால் பயணத்தில் இரண்டு மூன்று விமானம் மாறுபவர்கள் முதல் விமானத்தின் அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எது மிகக் குறைவாகத் தருகிறதோ அதுதான் உங்கள் அளவு. மாலேயில் இருந்து தீவுகளுக்குப் போகும் கடல் விமானத்தில் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்று நிறுப்பார்கள். சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். சிறிய விமானம், தலைக்கு மேலே சாமான் வைக்கும் தட்டும் சிறிது. யாழ்ப்பாணம் வழியாகத் திருகோணமலைக்கு வருகிறவர்கள் பருத்த பை கொண்டுவந்தால் ஏறும் இடத்திலேயே வாங்கிக் கீழே போட்டுவிடக்கூடும். அப்படி வாங்கினால் பற்றரியை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். இந்த மாதிரி நேரத்துக்காக ரெகுலேட்டர், மாஸ்க், கொம்பியூட்டர், பற்றரி நான்கையும் ஒரு சின்னத் துணிப்பைக்குள் போட்டு, அந்தப் பையைக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். பெரிய பையைக் கேட்டால் சின்னப் பையை உருவி எடுத்துக் காலடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஃபின்ஸ் கைப்பையில் வராது. கைப்பையின் நீளம் 55 சென்ரிமீற்றர் அளவு, ஸ்ட்ராப் வைத்த ஃபின்ஸ் 60க்கு மேல். குறுக்காக வைத்தால் போகும் என்று சிலர் செய்கிறார்கள், அப்போது வேறு ஒன்றும் வைக்க இடமிருக்காது. நான் அதற்காக நேரம் செலவழிப்பதில்லை.

ரெகுலேட்டரை அடுக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிலாவெளிக்கு வருபவர்கள் பையைத் திறக்கும்போது பார்க்கிறேன், குழாய்களை நாலாக மடித்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருப்பார்கள். குழாய் உலோகத்தோடு சேரும் இடத்தில்தான் முதலில் வெடிப்பு விழும். அந்த இடம் மடியவே கூடாது. பெரிய வட்டமாகச் சுருட்டி, சிலிண்டரில் பூட்டும் உலோகப் பகுதியான முதல் ஸ்டேஜை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் குழாய்கள் தங்கள் போக்கில் வளைந்து கிடக்கும்படி விடுங்கள். வாயில் வைக்கும் பகுதியான இரண்டாம் ஸ்டேஜ் ஒவ்வொன்றையும் ஒரு சொக்ஸுக்குள் போடுங்கள். அமுக்கமானியின் கண்ணாடி முகத்தை உள்பக்கமாகத் திருப்பி, மடித்த துவாயின் மேல் வையுங்கள். முதல் ஸ்டேஜின் தூசி மூடி காய்ந்திருக்க வேண்டும். மூடிக்குள் ஒரு துளி உப்புத்தண்ணீர் இருந்தாலும் வடிகட்டியில் பச்சை பிடிக்கும். கொம்பியூட்டருக்குக் காற்றளவை அனுப்பும் டிரான்ஸ்மிற்றர் வைத்திருந்தால் கழற்றித் தனியே வையுங்கள். பைக்குள் முதலில் உடைந்துபோவது அதுதான்.

சிலிண்டர் வால்வுக்குள் திருகிப் பூட்டும் டின் வகை ரெகுலேட்டர் கொஞ்சம் சிறிது, கொஞ்சம் லேசு, அதனால் பயணத்துக்கு நல்லது. ஆனால் போகும் இடத்தில் என்ன வால்வு என்று முதலே கேட்டு, தேவையென்றால், வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் வகைக்கான அடப்டரையும் கொண்டுபோங்கள். அதை மறந்து வந்து, நிலாவெளிக் கரையில் கையில் ரெகுலேட்டரோடு நின்ற ஒரு அண்ணாவின் முகம் எனக்கு ஞாபகமிருக்கிறது. நல்ல காலம், எங்களிடம் ஒன்று இருந்தது.

பாதுகாப்புப் பரிசோதனையில் ரெகுலேட்டர் எப்போதும் கண்ணில் படும். திரையில் பித்தளைக் கட்டி ஒன்றில் இருந்து நாலு குழாய் புறப்படுவது போலத் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எங்கள் ஊர்க்காரருக்குப் பையைத் திறந்து காட்டுவது புதிதில்லை. யுத்தம் நடந்து, கடலில் இறங்கவே பாஸ் வேண்டியிருந்த காலத்தில் பிள்ளையாக இருந்தவன் நான். பை திறக்கச் சொன்னால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும் பழக்கம் இன்னமும் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் முன்கூட்டியே யோசித்து வைப்பது எனக்கு முக்கியம். ரெகுலேட்டரைப் பையின் மேலே வைப்பேன், கேட்டவுடன் ஒரே இழுவையில் எடுக்கும்படி. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு முறை இளம் அலுவலர் ஒருவர், "மல்லி (தம்பி), இதுக்குள்ள காஸ் இருக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார். சிலிண்டர் இல்லை, காற்றும் இல்லை, இது மூச்சு எடுக்கும் குழாய் மட்டும் என்று சொல்லி வாயில் வைத்துக் காட்டினேன். உடனே விளங்கிவிட்டது. பதற்றமில்லாமல் இரண்டு வசனத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்கடியில் நிற்கும் படம் ஒன்று இருந்தால் மொழியே தேவையில்லை. பரிசோதனைக்கு அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போவதும் நல்லது.

கத்தி எந்த வடிவத்திலும் கைப்பைக்குள் போகக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பறிகொடுப்பவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. பெரிய கத்தியை ஒருவரும் மறப்பதில்லை. பி.சி.டி.யின் தோள்பட்டையில் சொருகியிருக்கும் சின்னக் கயிறு வெட்டியைத்தான் மறப்பார்கள். என்னுடையது போனதும் அப்படித்தான். வலை சிக்கினால் அறுப்பதற்கு வைத்திருந்தது, பல வருடம் என்னோடு இருந்தது. ஸ்பானர், அலன் கீ, இடுக்கி போன்றவற்றில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் எடுத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் கீழே போகும் பெட்டியில் போடுவதே நிம்மதி. கைப்பையில் நான் வைத்திருப்பது காற்றுக் கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையமான ஓ ரிங் மேலதிகமாக நாலைந்து, வாய்ப்பிடி ஒன்று, பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி சில, மாஸ்க் பட்டி ஒன்று. எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

தண்ணீருக்குள் அமிழ்வதற்காகச் சுழியோடிகள் பாரமாகக் கொண்டுபோகும் ஈயக்கட்டி விஷயம் ஒன்று. சில வருடத்துக்கு முன் எங்களிடம் ஒரு கிழமை சுழியோடிய தம்பி ஒருவர், பயண பி.சி.டி.யைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். கட்டுநாயக்கவில் இருந்து அழைப்பு வந்தது. முதுகுப்பக்கப் பொக்கெற்றில் எங்களுடைய ஈயம் இரண்டு கிலோ அப்படியே இருந்திருக்கிறது. ஈயம் எக்ஸ்ரே கதிரை மறைப்பதால் திரையில் கறுப்புக் கட்டியாகத் தெரிந்து, பை முழுவதையும் கொட்டி அடுக்க வேண்டி வந்ததாம். கவனிக்காமல் விட்டது எங்கள் பிழையும்தான். அன்றிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரின் பி.சி.டி.யையும் எல்லாப் பொக்கெற்றிலும் கைவிட்டுப் பார்த்தபிறகுதான் கொடுக்கிறேன்.

பற்றரியைப் பற்றி வடிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இது வெறும் சட்டத்தில் நிற்கிற விஷயமில்லை, உயிரோடு சம்பந்தப்பட்டது. கழற்றி வைத்த லிதியம் பற்றரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டுமே வரவேண்டும், கீழே போகும் பெட்டியில் போடக்கூடாது. பயணிகள் இருக்கும் இடத்தில் புகைந்தால் கண்டு அணைக்கலாம், கீழே சாமான் அறையில் எரிந்தால் நேரத்துக்கு ஒருவருக்கும் தெரியாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்பட நின்ற விமானம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்காக இருக்கலாம் என்பதே விசாரணையில் சொல்லப்பட்டது. அதன்பிறகு பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க் பாவிப்பதையே நிறுத்திவிட்டன.

அளவுக்கணக்கு லேசு. வோல்டையும் அம்பியர் மணியையும் பெருக்கினால் வற் மணி வரும். டோர்ச்சில் போடும் 18650 வகை பற்றரி 3.7 வோல்ட், 3.5 அம்பியர் மணி என்றால் கிட்டத்தட்ட 13 வற் மணி. 100 வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும், அதுவும் மேலதிகமாக இரண்டு மட்டும். வீடியோ எடுப்பவர்களின் பெரிய விளக்குகள்தான் இந்த அளவுக்குள் வரும். ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனி பிளாஸ்ரிக் உறையில் போட்டு, முனைகள் ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள்.

டோர்ச்சில் இருந்து பற்றரியைக் கட்டாயம் கழற்ற வேண்டும். சுழியோடிகளின் டோர்ச் தண்ணீருக்குள் குளிர்ந்துகொண்டே எரிவதற்காகச் செய்யப்பட்டது. பைக்குள் தானாக எரியத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் துணியைக் கருக்கிவிடும். அதனால்தான் சூடாகும் சாதனங்கள் என்ற பட்டியலில் சுழியோடி விளக்கைத் தனியாகப் பெயர் சொல்லியே விமான விதிகளில் வைத்திருக்கிறார்கள். பெரிய விளக்கென்றால் நிறுவனத்திடம் முதலே சொல்லிவிடுங்கள்.

திரவங்களில் மாஸ்க் பனிக்காமல் இருக்கப் பூசும் மருந்தும் ஓ ரிங்குக்கான சிலிக்கன் கிறீஸும் 100 மில்லிலீற்றருக்கு உட்பட்ட போத்தலில் இருக்கவேண்டும். குளிருக்குப் போடும் ரப்பர் உடுப்பான வெட்சூட்டை ஒட்டும் பசை எந்தப் பெட்டியிலும் வேண்டாம். அது எளிதில் தீப்பிடிப்பது, கைப்பையிலும் தடை, கீழேயும் தடை. கிழிந்தால் ஊசிநூலால் தைத்துக்கொண்டு வாருங்கள், இங்கே வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

சிலிண்டர் கொண்டுவரலாமா என்று ஒவ்வொரு ஜூலையிலும் கேட்பவர்கள் உண்டு. ஊருக்கு விடுமுறையில் வரும் புலம்பெயர்ந்த உறவுகள்தான் அதிகம். லண்டனில் இருக்கும் என் மச்சான், அவசரத்துக்கு வைத்திருக்கும் குட்டிச் சிலிண்டரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வால்வைக் கழற்றி, உள்ளே வெறுமையாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால்தான் பேச்சுக்கே இடமுண்டு. அதற்குப் பிறகும் நிறுவனம் மறுக்கலாம். கொண்டுவந்தால் உள்ளே ஈரமும் தூசியும் புகுந்திருக்கும், இங்கே துப்புரவாக்கி நிரப்ப வேண்டும். வேண்டாம் மச்சான் என்றேன். நாங்கள் பாவிக்கும் அலுமினியச் சிலிண்டர் ஒன்று 14 கிலோ அளவு, அது நிலாவெளியிலேயே இருக்கிறது. ஈயமும் இருக்கிறது. எங்கள் கடலின் தண்ணீர் சீசனில் 27இல் இருந்து 30 பாகை வரை இருக்கும், அரைக்கை வெட்சூட்டோ வெறும் நீச்சல் சட்டையோ போதும். மாஸ்க், ரெகுலேட்டர், கொம்பியூட்டர் மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கீழே போகும் பெட்டியே இல்லாமல் வாருங்கள் என்று சொன்னேன். அவர் அப்படித்தான் வந்தார். புறாமலையில் இரண்டு நாள் இறங்கினோம்.

திரும்பிப் போகும் நாள்தான் எனக்குக் கவலை தருவது. கடைசி நாள் காலையிலும் ஒரு முறை இறங்கிவிட்டு, நனைந்த சாமானைப் பொலித்தீன் பையில் சுற்றி, மத்தியானம் வாகனத்தில் ஏறி, இரவு விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். நான் மறுத்துவிடுவேன், எவ்வளவு காசு தந்தாலும். உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் அமுக்கம் 1,800 இல் இருந்து 2,400 மீற்றர் உயர மலையில் நிற்பது போன்றது. வாயு குமிழியாகிவிட்டால் மூட்டுவலியில் தொடங்கி வாதம் வரைக்கும் போகலாம். ஒரே ஒரு முறை, மேலே வரும்போது இடையில் நிறுத்தம் தேவைப்படாதபடி இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், ஒரு நாளில் பல முறையோ தொடர்ந்து பல நாளோ இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்பது சுழியோடிகளுக்கான பாதுகாப்பு அமைப்பான டான் சொல்லும் அளவு. நான் என் ஆட்களிடம் 24 என்றே சொல்கிறேன்.

விமானம் மட்டும் இல்லை. நிலாவெளியில் காலையில் இறங்கிவிட்டு அன்றைக்கே நுவரெலியாவுக்குப் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். உடம்புக்கு அது விமானம் ஏறியது மாதிரித்தான். நம் நாட்டில் கடலும் மலையும் ஒரு நாள் ஓட்டத்துக்குள் இருப்பதால் இதை ஒருவரும் யோசிப்பதில்லை.

அந்த 24 மணித்தியாலமும் சாமான் காய்வதற்குத் தேவையான நேரம்தான். என் மூன்று மில்லிமீற்றர் வெட்சூட் காய்ந்தால் ஒன்றரைக் கிலோ அளவு, ஈரத்தோடு நிறுத்தால் அதன் இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். பி.சி.டி.யின் உள்ளே தண்ணீர் ஒரு போத்தல் அளவு நிற்கும், வெளியே தெரியாது. தலைகீழாகப் பிடித்து வால்வை அமுக்கி வடியவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மீண்டும் வடியவிட்டு, ஊதி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் எங்கள் ஓகஸ்ட் வெயில் ரப்பரைத் தின்றுவிடும். கிணற்றடியில் சாமானைக் கழுவிக் கொடியில் போட்டுவிட்டு, கோணேசர் கோயிலுக்கோ கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கோ போய் வாருங்கள் என்று அனுப்புவேன். திரும்பி வரும்போது எல்லாம் காய்ந்து கிடக்கும், பையும் ஏழு கிலோவுக்குள் அடங்கும்.

போய் இறங்கியதும் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. படகில் வைத்துப் பையைத் திறக்காதீர்கள், அறையிலேயே திறவுங்கள். இரண்டாம் ஸ்டேஜின் வாய்ப்பிடியைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பைக்குள் நெருக்குண்டு அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி அறுந்திருக்கலாம், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. போன வருடம் மாலேயில் எனக்கு அப்படி இருந்தது. இழுத்தவுடன் வாய்ப்பிடி தனியாகக் கையோடு வந்தது. கைப்பையில் இருந்த கட்டுப்பட்டி ஒன்றை எடுத்துப் போட்டு இறுக்கி, நுனியை நகவெட்டியால் நறுக்கிவிட்டுத்தான் அன்று இரவு படுத்தேன்.